இரவல் பாதை

மனிதன் பயன்படுத்தும் பொருள்களுள் பாதை சற்று விந்தையானது. வீட்டை உடையவன் அதில் வாழ்கிறான். வயலை உடையவன் அதில் விதைக்கிறான். பாதையோ கடந்து செல்வதற்கென்றே அமைந்தது; அதில் எவரும் தங்குவதில்லை. ஆயினும் அது எவரோ ஒருவருடைய மண்ணின் மீதுதான் கிடக்கிறது. அரசு அமைத்த நெடுஞ்சாலை என்றால் வினாவே எழுவதில்லை. ஒருவருடைய தோப்பின் ஊடாகவும் மற்றொருவருடைய புல்வெளியின் ஓரமாகவும் செல்லும் ஒற்றையடிப் பாதையில் செல்லும்போதோ, அவ்வாறு செல்லும் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதாகிறது.

'போய் வாருங்கள்' என்று நிலத்துக்குரியவர் சொன்னார், போனார்கள். ஆண்டுக் கணக்கில் போனார்கள். அவர்களைக் கண்டு வேறு பலரும் வந்தனர். வருவோர் போவோரை நம்பி ஊரில் கடைகள் தோன்றின, விடுதிகள் தோன்றின, பல குடும்பங்களின் அடுப்பு அப்பாதையை நம்பி எரிந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் ஒருநாள் நிலத்துக்குரியவர், 'இனி வர வேண்டாம்' என்கிறார். அவ்வாறு சொல்ல அவருக்கு உரிமை உண்டா? உண்டு என்றால், அதைச் செலுத்துவது அறமாகுமா? கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் உரிய கடமைகள் யாவை?

இது கற்பனையாக எழுப்பிய வினா அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில், வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எழுந்த வினா. ஊர் தொலைவானதாயினும் வினா மனிதர் அனைவருக்கும் பொதுவானது. அதனை வாசக அன்பர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

மலைநாட்டின் வரலாறு

வெர்மான்டின் வடகிழக்கிலுள்ள எஸெக்ஸ், ஆர்லியன்ஸ், கலிடோனியா என்னும் மூன்று மாவட்டங்களும் சேர்ந்த பகுதிக்கு 'வடகிழக்கு ராஜ்யம்' என்று பெயர். அரசர் எவரும் அங்கே ஆண்டதில்லை. அம்மாநிலத்தின் ஆளுநராகவும் பின்னர் செனட்டராகவும் விளங்கிய ஜார்ஜ் எய்க்கன் 1949ஆம் ஆண்டு அதன் எழிலை வியந்து அப்பெயரை வழங்கினார் என்பர். கனடா நாட்டின் கியூபெக் மாகாணம் அதற்கு வட எல்லை. குன்றுகள், ஏரிகள், மேப்பிள் மரக் காடுகள், அவற்றினிடையே பசும்புல் வெளிகள் என்று அமைந்த நாடு அது. இலையுதிர் காலத்தில் காடு முழுவதும் செம்மையும் பொன்மையுமாக நிறம் மாறும்போது, அக்காட்சிக்கென்றே தொலைவிலிருந்து மக்கள் வருகின்றனர்.

இவ்வெழிலைக் காண்போர், இது ஆதி முதல் இவ்வாறே இருந்தது என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெர்மான்ட் செம்மறியாட்டு நாடாக இருந்தது. மெரினோ இன ஆடுகளின் கம்பளிக்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. 1840ஆம் ஆண்டில் அம்மாநிலத்து மக்கள் 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆடுகளோ 16 லட்சத்துக்கும் மேல். மேய்ச்சலுக்காகக் காடுகளை வெட்டினர், குன்றுகள் மொட்டையாயின. பின்னர் மேற்குப் பகுதிகளிலிருந்து மலிவான கம்பளி வந்து குவியவே, ஆட்டுத் தொழில் வீழ்ந்தது. அதன் இடத்தில் பால் பண்ணைகள் தோன்றின. வெர்மான்டின் வெண்ணெயையும் பாலையும் புகைவண்டி பாஸ்டன் முதலிய நகரங்களுக்குக் கொண்டு சென்றது. கைவிட்ட மேய்ச்சல் நிலங்களில் மீண்டும் காடு முளைத்தது. இன்று அம்மாநிலத்து நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. அக்காடுகளின் நடுவே, காப்பதற்கு ஏதுமின்றி நீண்டு கிடக்கும் பழைய கற்சுவர்களைக் காணலாம். அங்கே ஒரு காலத்தில் மனிதர் உழைத்தனர் என்பதற்கு அவை சாட்சி.

பால் தொழிலும் அவ்வண்ணமே நிலைக்கவில்லை. 1940களில் வெர்மான்டில் 11,000க்கும் மேற்பட்ட பால் பண்ணைகள் இருந்தன. 1950களில், கேன்களில் பால் அனுப்பிய முறை மாறியது. குளிரூட்டிய பெருங்கலன்களைப் பண்ணைதோறும் வைத்தால்தான் பாலை வாங்குவோம் என்ற நிலை வந்தது. சில மாடுகளை மட்டும் வைத்திருந்த குடும்பங்களால் அச்செலவைத் தாங்க இயலவில்லை. பால் விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே இறங்கிய ஆண்டுகளில் எஞ்சியோர் பலரும் விலகினர். இன்று 600க்கும் குறைவான பண்ணைகளே உள்ளன. மாடுகள் பெரும் பண்ணைகளில் திரண்டன. தந்தையும் மக்களும் சேர்ந்து கறந்து வந்த சிறு பண்ணைகள் மறைந்தன. இளைஞர் வேலை தேடி வெளியேறுவது அங்கும் வழக்கமாயிற்று.

மலைச் சைக்கிள் வந்த வகை

1970களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியா மாநிலத்து மரின் மாவட்டத்தில் இளைஞர் சிலர், தடித்த டயர் பூட்டிய பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிச் சென்று, கரடுமுரடான மண் பாதைகளில் கீழ்நோக்கி ஓட்டி மகிழ்ந்தனர். அவ்விளையாட்டிலிருந்து பிறந்ததே மலைச் சைக்கிள். 1981ஆம் ஆண்டு அது பெருமளவில் உற்பத்தியாகி விற்பனைக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே உலகின் பல நாடுகளில் பரவியது.

கலிடோனியா மாவட்டத்தில், பர்க் மலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் ஈஸ்ட் பர்க். பர்க் நகராட்சி எல்லை முழுவதும் சேர்த்தாலும் மக்கள் 2,000 பேர் இல்லை. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆட வருவோரால் ஓரளவு வருவாய் உண்டு. கோடையிலோ கடைகள் ஆளின்றிக் கிடந்தன. இந்நிலையில் 1994ஆம் ஆண்டு ஊரார் சிலர் கூடி, 'கிங்டம் டிரெயில்ஸ்' என்னும் இலாப நோக்கமற்ற சங்கத்தை அமைத்தனர். அண்டை அயலிலுள்ள நிலவுடைமையாளர்களிடம் சென்று, அவர்தம் காட்டின் வழியாகவும் புல்வெளியின் ஓரமாகவும் சைக்கிள் பாதை அமைக்க இசைவு கேட்டனர். ஒருவர் இசைந்தார், பின் மற்றொருவர். காலப்போக்கில் ஏறத்தாழ நூறு உடைமையாளர்களின் நிலங்கள் வழியே 160 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதைகள் உருவாயின.

இதில் கருத வேண்டியது ஒன்றுண்டு. சைக்கிளில் வருவோர் சங்கத்துக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். அப்பணம் பாதைகளைப் பேணவும் பணியாளருக்கு ஊதியம் தரவும் பயன்படுகிறது. சைக்கிள் கடைக்காரர் வண்டியை வாடகைக்கு விடுகிறார். விடுதிக்காரர் அறைக்கு வாடகை பெறுகிறார். உணவுக் கடைக்காரர் உணவு விற்கிறார். நிலத்துக்குரியவர் மட்டும், நிலம் தந்தமைக்காக ஏதும் பெறுவதில்லை. ஒரு பெரும் வணிகத்தின் அடித்தளமாக நிற்பது ஈகை. இவ்வமைப்பின் வலிமையும் இதுவே, நலிவும் இதுவே.

ஊர் செழித்தது. கோடைக்காலத்தில் வெறிச்சோடிய தெரு நிறைந்தது. பாஸ்டனிலிருந்தும் கியூபெக்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர். வெளியேறிய இளைஞருள் சிலர் திரும்பி வந்து தொழில் தொடங்கினர். 2019ஆம் ஆண்டில் மட்டும் வருகைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது. 2,000 பேர்கூட இல்லாத ஊர்ப்புறத்துக்கு ஒரு லட்சம் வருகை என்றால், அதன் பொருளை எண்ணிப் பாருங்கள். காலையில் வாயிற்கதவைத் திறந்தால் தெருவில் வண்டிகளின் வரிசை. இருவரும் மூவருமாகச் சாலையை அடைத்துச் செல்லும் சைக்கிள்காரர்கள். வீட்டுப் பின்புறத்துக் காட்டில் ஓயாத பேச்சொலி. அமைதிக்காகவே அங்கு வாழ்ந்தவர்களுக்கு அமைதி போயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில், டார்லிங் குன்றின் மீது நிலம் வைத்திருந்த மூன்று உடைமையாளர்கள் தம் நிலத்தில் இனிச் சைக்கிள் வரலாகாது என்று அறிவித்தனர். சங்கத்தின் பாதைகளுள் புகழ்பெற்ற சில அந்நிலங்களில் இருந்தன. கூட்டமும் மரியாதைக் குறைவான நடத்தையும் காரணங்களாகப் பேசப்பட்டன. ஊர் திகைத்தது.

இரு பக்க வழக்கு

கடைக்காரர் தரப்பில் நின்று பார்ப்போம். அவர் கடன் வாங்கிக் கடை வைத்தவர். அப்பாதைகள் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வைத்தார். இருபத்தைந்து ஆண்டுகளாக எவரும் மறுக்காத ஒன்றை நிலையானது என்று நம்பியது பிழையா? பால் தொழில் போன ஊருக்கு வேறு பிழைப்பு ஏது? நூறு குடும்பங்களின் உணவைக் காட்டிலும் மூவருடைய அமைதி பெரிதா? இவை ஒதுக்கத்தக்க வாதங்கள் அல்ல. பசியின் வாதத்தை ஏளனம் செய்பவன் பசியை அறியாதவன்.

நிலத்துக்குரியவர் தரப்பில் நின்றாலும் வாதம் வலிமையுடையதே. அவர் வணிகம் செய்யவில்லை. எவரையும் கடை வைக்குமாறு அழைக்கவில்லை. அண்டை வீட்டாரும் அவர்தம் பிள்ளைகளும் மாலைநேரத்தில் சைக்கிள் ஓட்டிச் செல்லட்டும் என்று இசைந்தார். அவர் இசைந்தது நூறு பேருக்கு. வந்தது ஒரு லட்சம். அளவு மாறும்போது பொருளும் மாறுகிறது. ஒரு குடம் நீர் எடுக்கக் கிணற்றைத் திறந்துவிட்டவர், எந்திரம் வைத்து இறைத்து விற்பதற்கும் இசைந்தார் என்று கொள்ள முடியுமா?

அம்மாநிலச் சட்டம் இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. பிறருடைய நிலத்தில் அவருடைய இசைவின்றி, வெளிப்படையாக, இடையறாது 15 ஆண்டுகள் ஒருவன் வழிநடந்தால், அவ்வழியில் அவனுக்கு உரிமை ஏற்பட்டுவிடும். இசைவு பெற்று நடந்தவனுக்கோ எத்தனை ஆண்டுகள் சென்றாலும் உரிமை ஏற்படாது. முதல் நோக்கில் இது தலைகீழான நீதியாகத் தோன்றும். அத்துமீறியவனுக்கு உரிமை, கேட்டுப் பெற்றவனுக்கு ஒன்றுமில்லையா என்று வியக்கத் தோன்றும். ஆழ்ந்து நோக்கினால் அதன் நியாயம் விளங்கும். ஈகை காலப்போக்கில் உரிமையாக மாறிவிடும் என்றால், அறிவுள்ள எவரும் ஈய மாட்டார். கதவைத் திறந்துவிட்டவன் கதவையே இழப்பான் என்று தெரிந்தால் எல்லாக் கதவுகளும் அடைபடும். கொடுப்பவனுடைய திரும்பப் பெறும் உரிமையைக் காப்பது, கொடுத்தல் என்னும் பண்பையே காப்பதாகும்.

இரவலின் இலக்கணம்

அரபுச் சட்ட நூல்களை ஓதியவர்கள் இவ்விடத்தில் 'ஆரிய்யா' என்னும் பாடத்தை நினைவு கூர்வார்கள். தமிழில் அதனை இரவல் எனலாம். பொருளின் உடைமை கொடுத்தவரிடமே இருக்க, அதன் பயனை மட்டும் விலையின்றிப் பிறர் துய்க்க விடுவது இரவல். பயனுக்கு விலை வாங்கினால் அது வாடகை. பொருளையே கொடுத்துவிட்டால் அது நன்கொடை. இரவல் இரண்டுக்கும் இடையில் நிற்பது.

இரவலாகக் கொடுத்ததை எப்போது திரும்பக் கேட்கலாம் என்பதில் சட்ட அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் பொதுவான கருத்து, உடையவர் விரும்பும்போது திரும்பக் கேட்கலாம் என்பது. மாலிக்கீ அறிஞர்களோ, தவணை குறித்துக் கொடுத்திருந்தால் அத்தவணை முடியும்வரை கொடுத்தவர் கட்டுப்பட்டவர் என்பர். திரும்பக் கேட்கலாம் என்று சொன்னவர்களும் அதைக் கண்மூடிச் சொல்லிவிடவில்லை. மையித்தை அடக்குவதற்காக நிலத்தை இரவல் தந்தவர், அடக்கிய உடல் மண்ணோடு மண்ணாகும்வரை அதைத் திரும்பக் கேட்கலாகாது என்று ஷாஃபிஈ நூல்கள் கூறும். கட்டடம் எழுப்பவோ மரம் நடவோ இரவல் தந்தவர், இரவல் வாங்கியவர் கட்டியபின் திரும்பக் கேட்டால், வெறுங்கையோடு அவரை வெளியேற்ற முடியாது. நட்டத்துக்கு ஈடு கொடுப்பது, அல்லது நியாயமான வாடகைக்கு நீடிக்க விடுவது போன்ற வழிகளை அந்நூல்கள் வகுக்கின்றன.

இவ்வாராய்ச்சியில் வெளிப்படும் அறம் என்ன? கொடுத்தவருடைய உடைமை மாறாது என்பது ஒன்று. அவருடைய சொல்லை நம்பி, அவருடைய இசைவோடு, பிறர் எழுப்பியதை அவர் கருதிப் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. ஈஸ்ட் பர்க் வழக்கில் இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். கடைகளும் விடுதிகளும் அந்த மூவருடைய நிலத்தின்மேல் எழுந்தவை அல்ல. அவற்றை எழுப்புமாறு அவர்கள் இசைவு தந்ததுமில்லை. அவர்கள் தந்தது கடந்து செல்லும் இசைவு மட்டுமே. ஆகவே பாதையை அடைத்ததற்காக அவர்கள் கடைக்காரருக்குக் கடன்பட்டவர் ஆகார் என்பதே நம் கருத்து. ஆயினும், பாதையை வெட்டிச் சீராக்கிய தொண்டர்களின் உழைப்பு அந்நிலத்தில் கலந்துள்ளது. முன்கூட்டி அறிவித்தல், குறைகளைச் சொல்லித் திருத்த வாய்ப்பளித்தல் ஆகியவை கொடுத்தவருடைய பண்புக்கு அழகு. கோடைக் கூட்டம் வருவதற்குப் பல மாதங்கள் முன்னரே, பனிக்காலத்தில் அறிவிப்பு வந்தமை இங்குக் குறிக்கத்தக்கது.

உரிமையாக்கினால் தீருமா?

'ஈகையை நம்பி வாழ்வது இடர்; பாதையைச் சட்டபூர்வமான உரிமையாக்கிவிட்டால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு செய்த நாடுகளும் உண்டு. வெர்மான்டிலேயே 1777ஆம் ஆண்டின் அரசியல் சாசனம், வேலியிடாத நிலங்களில் உரிய பருவத்தில் வேட்டையாடும் சுதந்திரத்தை மக்களுக்கு வழங்கியது. இன்றும் அங்கே தம் நிலத்தில் வேட்டையைத் தடுக்க விரும்புவோர் முறைப்படி அறிவிப்புப் பலகை நட்டு, ஆண்டுதோறும் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சைக்கிளுக்கு அச்சுதந்திரம் இல்லை. ஸ்காட்லாந்து நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றிய நிலச் சீர்திருத்தச் சட்டம், பெரும்பாலான நிலங்களில் நடந்தும் சைக்கிளிலும் செல்லும் உரிமையை யாவர்க்கும் தந்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு தந்தது: பொறுப்போடு நடப்பவனுக்கே அவ்வுரிமை. உரிமையை எழுதிய சட்டமும் நடத்தையை விட்டுவிட முடியவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிலம் முழுவதும் அரசுடையதாக இருந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு சான்று உண்டு. யூட்டா மாநிலத்தில் மோஆப் என்றோர் ஊர். சாக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய ஜோர்தான் நாட்டில் இருந்த பழைய மோஆப் நாட்டின் பெயரையே அதற்கு இட்டனர். 1952ஆம் ஆண்டு அதனருகே பெரும் யுரேனியப் படிவம் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஒரே பாய்ச்சலில் செல்வம் கொழித்தது. 1980களில் அத்தொழில் சரிந்தது. ஆலை 1984இல் மூடப்பட்டது. வீடுகள் விற்பனைப் பலகைகளோடு நின்றன. அப்போது, 1969ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிளுக்காக அடையாளமிட்ட செம்பாறைத் தடம் ஒன்று மலைச் சைக்கிள்காரர்களை ஈர்த்தது. ஊர் மீண்டும் உயிர் பெற்றது. சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசுடையது; எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கும் அமைதி இல்லை. கூட்டம் பெருகியது; வீட்டு விலை ஏறியது; விடுதிகளில் வேலை செய்வோர் அவ்வூரில் குடியிருக்க இயலாத நிலை வந்தது. அப்பாலை மண்ணின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து உண்டாக்கிய கரும்படலம் ஒன்று உண்டு. மண் காற்றில் பறந்து போகாமல் காப்பது அதுவே. ஒரு சக்கரம் ஏறினால் அது நொறுங்கும். மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல தலைமுறைகள் ஆகும். கேட்பதற்கு உடைமையாளர் இல்லாத இடத்தில், வாயில்லாத மண் அடிபட்டது.

ஆக, தனியார் நிலமாயினும் பொதுநிலமாயினும், இசைவாயினும் உரிமையாயினும், முடிவில் வருகிறவனுடைய நடத்தையில்தான் எல்லாம் வந்து நிற்கின்றன.

காட்சிக்குப் பின் நிற்கும் கை

விருந்தாளியாக வருபவன் மறக்கும் உண்மை ஒன்றுண்டு. அவன் கண்டு மகிழும் அழகு தானாக அமைந்ததன்று. டார்லிங் குன்றின் உச்சியில் நின்றால் விரிந்த புல்வெளிகளைத் தாண்டி மலைகள் தெரிகின்றன. அப்புல்வெளி ஏன் புல்வெளியாக இருக்கிறது? ஆண்டுதோறும் எவரோ ஒருவர் அதனை அறுக்கிறார். அறுக்காமல் விட்டால் சில ஆண்டுகளில் புதர் மூடும். ஒரு தலைமுறைக்குள் காடாகும். பின்னர் மலை தெரியாது. கண்ணுக்கு இனிய அவ்வெளி, ஒருவருடைய எந்திரமும் எண்ணெயும் முதுகு வலியும் சேர்ந்து காத்த வெளி. நிலத்துக்கு வரி கட்டுகிறவரும் அவரே. ஊரின் புகழ் ஓங்க ஓங்க நிலத்தின் மதிப்பு உயர்கிறது. மதிப்பு உயர்ந்தால் வரியும் உயரக்கூடும். தம் ஈகையாலேயே தம் சுமை கூடும் நிலை அவருக்கு வரலாம்.

நகரத்துச் செல்வம் அக்குன்றுக்கு வந்ததும் புதிதன்று. அதற்குப் பெயர் தந்த குடும்பத்தைச் சேர்ந்த எல்மர் டார்லிங், நியூயார்க் நகரில் புகழ்பெற்ற ஓட்டல் நடத்திப் பொருளீட்டியவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின்மேல் மாளிகை கட்டினார். பெரும் பண்ணை அமைத்தார். அதன் விளைபொருள்கள் அவருடைய ஓட்டலுக்குச் சென்றன. அன்று நகரம் அக்குன்றிலிருந்து வெண்ணெயைப் பெற்றது. இன்று காட்சியைப் பெறுகிறது. வெண்ணெயை வாங்கியவன், அது ஒரு மாட்டிலிருந்தும் ஒரு மனிதனுடைய கையிலிருந்தும் வந்தது என்பதை அறிவான், விலையும் கொடுத்தான். காட்சியைத் துய்ப்பவனோ அதற்கும் ஒரு கை உண்டு என்பதையே அறியாமல் போகிறான். கற்சுவர் ஓரமாக விரையும் சக்கரத்துக்கு அச்சுவரை அடுக்கியவனுடைய நினைவு வருவதில்லை.

நன்றியில்லாமை என்பது எப்போதும் கெட்ட உள்ளத்தில் பிறப்பதன்று. பெரும்பாலும் காணாமையில் பிறக்கிறது. ஒருவர் கட்டணம் செலுத்திச் சீட்டு வாங்கியவுடன், 'பணம் கொடுத்தேன். பாதை எனக்குரியது' என்ற எண்ணம் அவருள் நுழைகிறது. அவர் கொடுத்தது சங்கத்துக்கு. நிலம் தந்தவருக்கு அன்று. ஆயினும் பணம் கைமாறிய கணத்தில் கொடையின் முகம் மறைந்துவிடுகிறது.

சுமை யாருக்கு?

நம் முடிவுக்கு வருவோம். சட்ட அறிஞர்கள் வகுத்த அடிப்படை விதிகளுள் ஒன்று, ஆதாயத்தை அடைபவரே அதனால் வரும் சுமையையும் ஏற்க வேண்டும் என்பது. ஈஸ்ட் பர்க்கில் நேர்ந்த குறை இவ்விதியை மறந்ததே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆதாயம் ஒரு பக்கம் சேர்ந்தது: வருகிறவருக்கு மகிழ்ச்சி, வணிகருக்கு வருவாய். சுமை மறுபக்கம் சேர்ந்தது: இரைச்சலும் நெரிசலும் தேய்ந்த மண்ணும் நிலத்துக்குரியவருக்கு. ஆண்டுதோறும் இப்பக்கம் பத்து மடங்கு கூட, அப்பக்கமும் பத்து மடங்கு கூடியது. தராசு சாய்ந்தபோது எவரும் அதை நிமிர்த்தவில்லை. சாய்ந்த தட்டில் நின்றவர்கள் இறங்கிக்கொண்டனர். அவர்களைக் குறை சொல்லுமுன், தராசைப் பார்க்காதிருந்தவர்கள் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதன்பின் அச்சங்கம் சில வழிகளில் தன்னைத் திருத்திக்கொள்ள முற்பட்டது. நிலத்துக்குரியோரை மதித்தல், சாலையில் ஒழுங்காகச் செல்லுதல், நன்றியுணர்வோடு ஓட்டுதல் ஆகியவற்றை வருவோருக்கு வலியுறுத்தும் நடத்தை நெறியை முன்வைத்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோயால் கனடா எல்லையும் மூடப்பட்டது. தரைவழியாகக் கனடா நாட்டுப் பயணிகள் மீண்டும் வர 2021 நவம்பர் ஆயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வந்து, ஒரே தொழிலை நம்பி நிற்கும் ஊரின் நிலையை யாவர்க்கும் உணர்த்தின. ஆடு போயிற்று, பால் குறைந்தது, சைக்கிளும் நிலையானது என்று எண்ண இடமில்லை. தொழில்கள் வந்து போகும். அண்டை வீட்டாரிடையே உள்ள நல்லுறவு ஒன்றே அவ்வூர் அடுத்த தொழிலுக்கும் வைத்துக்கொள்ளத்தக்க முதல்.

இரவல் வாங்கியவர் செய்ய வேண்டியவற்றை நாம் இவ்வாறு கருதுகிறோம். பாதையைத் தந்தவர் யார் என்று கேட்டறிய வேண்டும். அவர் இசைந்த அளவு எது என்று அறிந்து, அவ்வளவில் நிற்க வேண்டும். கூட்டம் பெருகினால் மீண்டும் சென்று கேட்க வேண்டும். பனி உருகி மண் சேறாகும் பருவத்தில் பாதையை மூடினால், மூடியதை மதிக்க வேண்டும். அவருடைய வாசலைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். எதிர்ப்பட்டால் முகமன் கூற வேண்டும். வணிகர் தம் வருவாயில் ஒரு பங்கை அந்நிலத்தின் சுமைக்கென ஒதுக்க வேண்டும். வேலியைச் செப்பனிடுதல், குப்பை அகற்றுதல், வண்டிகளை வேறிடத்தில் நிறுத்த ஏற்பாடு செய்தல் ஆகியவை அவர்கள் மேல் விழும் கடன்கள். 'இனி வேண்டாம்' என்று அவர் சொன்னால், இத்தனை ஆண்டுகள் தந்ததற்கு நன்றி சொல்லித் திரும்ப வேண்டும், சினந்து பேசலாகாது. ஏனெனில் எஞ்சிய தொண்ணூற்றேழு பேரும் அப்போது உற்று நோக்கிக்கொண்டிருப்பார்கள்.

கொடுத்தவருக்கும் ஒரு சொல் உண்டு. திரும்பப் பெறும் உரிமை அவருக்கு ஐயமின்றி உண்டு. ஆயினும் முரடன் ஒருவனுடைய குற்றத்துக்காக அண்டை வீட்டுச் சிறுவனுடைய பாதையும் அடைபடுகிறது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பது மேன்மை. அவ்வாறு எண்ணியும் அடைப்பதே தகும் என்று முடிவு செய்தால், அம்முடிவை ஊர் ஏற்க வேண்டும்.

வாசகக் குடும்பத்தினர் பலரும் விடுமுறைக் காலங்களில் மலைப்பகுதிகளுக்கும் கடலோரங்களுக்கும் சென்று வருகின்றனர். செல்லும் இடமெல்லாம் எவரோ ஒருவருடைய வாசல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. அங்கே யார் வாழ்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், முன்பு என்ன செய்தார்கள், நாம் போனபின் அவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று வழியிலேயே பேசிக்கொண்டு போகலாம். அவ்வாறு பேசிப் பழகிய பிள்ளை, பிற்காலத்தில் எந்த நாட்டில் எந்தப் பாதையில் சென்றாலும், அது தனக்கு இரவலாகக் கிடைத்தது என்ற நினைவோடு செல்லும்.